காசி வெயிலும் கடலூர் வெட்டிவேரும்

இரண்டு இதழ்களுக்கு முன்னால் வாசகர் கேள்விப் பகுதியில் ஒரு அப்பா கேட்டிருந்தார். மகளுக்கு வடநாட்டில் வேளாண்மை மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். அங்கே வெயில் கொளுத்துமாமே, சாப்பாடு ஒத்துக்குமா, அனுப்பலாமா என்று கேள்வி. படிப்பு, உதவித்தொகை, விடுதி எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கொடுத்திருந்தார்கள். வெயிலுக்கு மட்டும் ‘பழகிவிடும்’ என்று ஒரே வார்த்தை. நானும் என் மகளிடம் அந்த வார்த்தையைத்தான் சொன்னேன். சொன்ன ஆறாம் நாள் அவள் வயலில் மயங்கி விழுந்தாள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கடலூருக்குத் தெற்கே கடலோர மணல்காடு எங்கள் ஊர். ஒன்றரை ஏக்கர் நிலம். அரை ஏக்கரில் வெட்டிவேர், மீதியில் மல்லாட்டையும் கொஞ்சம் சவுக்கும். மூத்தவள் இங்கே பி.எஸ்ஸி. அக்ரி முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. உழவியல் சேர்ந்தாள். எங்கள் வகையறாவில் விந்திய மலையைத் தாண்டிய முதல் ஆள் அவள்தான். கரும காரியத்துக்குப் போன பெரியப்பாவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

சேர்த்துவிடப் போனபோது மழைக்காலம். எங்கே பார்த்தாலும் பச்சை. மதன் மோகன் மாளவியா 1916-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. காசி மகாராஜா கொடுத்த நிலம். வளாகம் மட்டும் 1,300 ஏக்கர். என்னுடைய நிலத்தைப் போல எண்ணூற்று அறுபது துண்டு அதற்குள் அடங்கும். நம்ம ஊர்ச் சாலை மாதிரி நேராகப் போய்த் திரும்புகிற சாலை அங்கே குறைவு. கதிர் அரிவாள்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி வைத்த மாதிரி, வளாகமே அரை வட்டம். சாலைகளும் வளைந்து வளைந்து போகின்றன. ஒரு வளைவில் நடக்க ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் மரம், மஞ்சள் கட்டடம், மறுபடி மரம். எந்த வளைவில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகிறது. முதல் நாள் நானும் அவளும் அட்மிஷன் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சுற்றினோம். கடைசியில் விசுவநாதர் கோயில் கோபுரத்தை அடையாளமாக வைத்துக்கொண்டோம். வளாகத்துக்குள்ளேயே இருக்கிற புதுக் கோயில், இருநூற்றைம்பது அடி உயரம் என்கிறார்கள். மரத்துக்கு மேலே அது எந்தப் பக்கம் தெரிகிறது என்று பார்த்துத்தான் வழி கண்டுபிடித்தோம்.

பெரிய வாசல் இருக்கிற இடத்துக்குப் பேர் லங்கா. காசியில் இலங்கை எங்கே வந்தது என்று கேட்டேன். ராம்லீலா நடத்தும்போது இலங்கைக் கட்டத்தை அங்கேதான் ஆடுவார்களாம், அதிலிருந்து வந்த பேர். அந்த லங்காவில் ஒரு பழைய சைக்கிள் வாங்கிக் கொடுத்தேன். வளாகத்துக்குள் சைக்கிள் இல்லாவிட்டால் கால் இல்லாத மாதிரி. விடுதியிலிருந்து வகுப்பு, வகுப்பிலிருந்து வயல், வயலிலிருந்து நூலகம் என்று ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது கிலோமீட்டர் சர்வசாதாரணம்.

முதல் வருஷம் அவளுக்குப் பெரிய கஷ்டம் சாப்பாடுதான் என்று நினைத்தோம். சப்பாத்தி, பருப்பு, எதை எடுத்தாலும் உருளைக்கிழங்கு. அம்மா கொடுத்துவிட்ட பருப்புப் பொடியும் மோர் மிளகாயும் மூன்று மாதம் வந்தன. அப்புறம் பழகிவிட்டாள். டிசம்பர், ஜனவரியில் மூடுபனி. பகல் பத்து மணிக்குக்கூட எதிரே வருகிற சைக்கிள் தெரியாது என்றாள். அதுவும் கழிந்தது. அந்த வருஷம் கோடை விடுமுறைக்கு ஊருக்கே வந்துவிட்டதால் காசிக் கோடை என்றால் என்ன என்று அவளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

இரண்டாம் வருஷம் ஆராய்ச்சி. கோடைப் பச்சைப்பயறுக்கு எந்தெந்தப் பருவத்தில் தண்ணீர் விட்டால் போதும் என்று பார்க்கிற சோதனை. ஏப்ரல் முதல் வாரம் விதைப்பு, ஜூன் தொடக்கத்தில் அறுவடை. அதாவது அங்கே வெயில் உச்சியில் நிற்கிற இரண்டு மாதமும் அவள் வயலில் நிற்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் போன் பண்ணினாள். “அப்பா, காத்து அடுப்பைத் திறந்து விட்ட மாதிரி அடிக்குது. தலைவலி போகவே மாட்டேங்குது.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “வெயிலு நமக்குப் புதுசா கண்ணு? கத்தரியில மல்லாட்டை புடுங்குன குடும்பம் நம்ம குடும்பம். நாலு நாள்ல பழகிடும்.”

ஆறாம் நாள் அவளோடு படிக்கிற பெண் எங்களுக்குப் போன் பண்ணினாள். பகல் பதினொன்றரை மணிக்குப் பாத்தியில் செடி எண்ணிக்கொண்டிருந்தவள் வாந்தி எடுத்து விழுந்துவிட்டாள். வயலில் வேலை செய்தவர்கள் தூக்கி நிழலில் போட்டு, துணியை நனைத்துப் போர்த்தி, வளாகத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றி ராத்திரி விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் அவளே பேசினாள். அழவில்லை. “நான் வந்துடுறேன்பா. என்னால ஆகலை” என்றாள். அழுதிருந்தால்கூட எனக்குத் தாங்கியிருக்கும்.

வீட்டுக்காரம்மா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். “கூட்டிட்டு வாங்க. ஆனா கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் அங்க உக்காந்து பாத்துட்டு வாங்க.” தோட்டை அடகு வைத்துப் படிக்க வைத்தவர் அவர். ஆனாலும் அந்த வார்த்தையில் தோடு இல்லை.

அக்கினி நட்சத்திரம் தொடங்குகிற வாரம் ரயில் ஏறினேன். பையில் மூன்று கிலோ வெட்டிவேர். அவள் கேட்கவில்லை. பானைத் தண்ணீரில் போட்டுக் குடிக்கட்டும் என்று நானாக எடுத்து வைத்தேன். வெறுங்கையோடு போகத் தோன்றவில்லை.

காசியில் இறங்கியபோது பகல் இரண்டு மணி. அந்த வெயிலை எப்படிச் சொல்வது? நம்ம கடலூர் வெயில் மேலே வந்து ஒட்டிக்கொள்ளும். சட்டை நனையும், வழியும், பிசுபிசுக்கும். அங்கே அப்படி ஒன்றுமே இல்லை. செங்கல் சூளைப் பக்கம் நடக்கிற மாதிரிக் காற்று முகத்தில் மோதுகிறது. அந்தக் காற்றுக்கு ‘லூ’ என்று பேர். மேற்கேயிருந்து வறண்ட நிலத்தின் மேல் அடித்துக்கொண்டு வருவது. செல்போன் 43 டிகிரி காட்டியது. ஆனால் என் சட்டை காய்ந்தே இருந்தது. ‘பரவாயில்லையே, வேர்க்கவே இல்லையே’ என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கேதான் ஏமாறுகிறோம்.

பாரதியார் சின்ன வயதில் அத்தை வீட்டில் இருந்து படித்த அனுமன் காட் பக்கம் இன்னமும் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே ஓர் அறை எடுத்துக்கொண்டேன். சாயங்காலம் பேட்டரி ரிக்‌ஷாவில் லங்கா போய், வளாகத்துக்குள் ஒரு மாமரத்தடியில் மகளைப் பார்த்தேன். பெண்கள் விடுதிக்குள் அப்பாவானாலும் போக முடியாது. இளைத்திருந்தாள். நான் பார்த்தது முகத்தைக்கூட இல்லை. அவள் போட்டிருந்த கறுப்புச் சுடிதாரில் முதுகிலும் தோளிலும் வெள்ளை வெள்ளையாகக் கோடு. உப்பு. வேர்வை வராமல் இல்லை. வந்த வேகத்தில் காற்று உறிஞ்சிக்கொண்டு போய்விட்டது, உப்பு மட்டும் துணியில் நின்றுவிட்டது. வேர்க்காத மாதிரி இருந்ததால் அவளும் தண்ணீர் குடிக்கவில்லை. காலையில் ஒரு பாட்டில் எடுத்துப் போவாளாம், பாதியைத் திருப்பிக் கொண்டுவருவாளாம்.

“வயலுக்கு எத்தனை மணிக்குப் போற?”

“எட்டரை, ஒன்பது ஆகும்பா. மெஸ்ல சாப்பிட்டுட்டுப் போவேன்.”

மறுநாள் அவளுக்கு முன்னால் நான் வயலுக்குப் போகலாம் என்று விடிகாலையில் கிளம்பினேன். காசி நமக்கு வடகிழக்கே இருக்கிறது. மே மாதத்தில் ஐந்து மணி சுமாருக்கே அங்கே வெளிச்சம் வந்துவிடும். ஐந்தே கால் மணிக்கு ஆராய்ச்சிப் பண்ணையில் எனக்கு முன்னால் பத்துப் பதினைந்து பேர் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லார் தலையிலும் ஈரத் துண்டு. ‘கம்சா’ என்கிறார்கள், நம்ம ஈரிழைத் துண்டுதான். பத்து மணிக்கு ஒருத்தர்கூட வெயிலில் இல்லை. மறுபடி சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் வந்தார்கள். நடுப்பகலில் அந்த 1,300 ஏக்கரும் ஊரடங்கு போட்ட மாதிரி இருக்கிறது. நாய்கூட வாய்க்காலில்தான் படுத்திருக்கிறது. அங்கே ஊரே பகலை நடுவில் விட்டுவிட்டு இரண்டு நுனியிலும் வாழ்கிறது. என் மகள் மட்டும் ஆபீஸ் நேரத்துக்குப் பயிரைப் பார்க்கப் போயிருக்கிறாள்.

அவளை அன்று தூக்கிக்கொண்டு ஓடியதில் ஓர் அம்மா முக்கியம். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கங்கைக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். எல்லாரும் ‘சாச்சி’ என்று கூப்பிடுகிறார்கள், நம்ம சித்தி மாதிரி. அவர் பேசுவது போஜ்பூரி. என் மகள் கற்றது இந்தி. எனக்கு இரண்டும் இல்லை. ஆனாலும் என்னைப் பார்த்ததும் அவர் கையை ஆட்டி ஆட்டித் திட்டியது நன்றாகவே புரிந்தது. மகள் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்: “பொண்ணுக்குப் படிப்பெல்லாம் குடுத்தீங்க, வெயில்ல எப்ப வீட்டுக்குள்ள போகணும்னு சொல்லிக் குடுக்கலையான்னு கேக்கறாங்கப்பா.” என்னிடம் பதில் இல்லை.

அன்றைக்கு அவரோடு சேர்ந்து வரப்பில் உட்கார்ந்து குடித்ததைச் சொல்ல வேண்டும். பேரே ‘சத்து’. வறுத்த கொண்டைக்கடலையை அரைத்த மாவு. ஒரு சொம்புத் தண்ணீரில் இரண்டு கைப்பிடி மாவு, உப்பு, வறுத்த சீரகம், பச்சை மிளகாய், நறுக்கின வெங்காயம், எலுமிச்சம்பழம் பிழிந்து கலக்கினால் தீர்ந்தது. நம்ம கம்பங்கூழ் செய்கிற வேலையை அங்கே அது செய்கிறது. பசியும் அடங்கும், தாகமும் அடங்கும், வேர்வையில் போன உப்பும் திரும்பும். அடுப்பே வேண்டாம். விடுதி அறையிலேயே கலக்கிக்கொள்ளலாம். அதேபோல மாங்காயைச் சுட்டோ வேகவைத்தோ சதையைப் பிசைந்து, வெல்லம், சீரகம், கறுப்பு உப்பு, புதினா போட்ட பானகம். ‘ஆம் பன்னா’ என்று பேர். வளாகத்துச் சாலையெல்லாம் மாமரம் என்பதால் மாங்காய்க்குப் பஞ்சமில்லை.

என்னைக் கவர்ந்தது வில்வம்தான். நாம் இலையைப் பறித்துச் சிவனுக்குப் போட்டுவிட்டுப் பழத்தை விட்டுவிடுகிறோம். அங்கே சின்னத் தேங்காய் அளவுப் பழத்தைத் தள்ளுவண்டியில் உடைத்து, ஆரஞ்சு நிறச் சதையைக் கரைத்து வடிகட்டிச் சர்பத் விற்கிறார்கள். வயிற்றுக்குக் குளிர்ச்சி. ஓடு மெல்லிசாக இருக்கிற ‘காக்ஸி’ வகைகளை ஒட்டுக் கட்டித் தோப்பாகவே வளர்க்கிறார்கள். நம்ம பக்கம் மேட்டாங்காட்டில் எந்தப் பராமரிப்பும் இல்லாமல் நிற்கிற மரம். இதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

சட்டைப்பையில் ஒரு பச்சை வெங்காயம் வைத்துக்கொண்டால் லூ அண்டாது என்று சாச்சி எனக்கும் ஒன்று கொடுத்தார். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மரியாதைக்கு வைத்துக்கொண்டு, மத்தியானம் சத்தில் நறுக்கிப் போட்டுவிட்டேன்.

இனி விடுதி அறை. மேல் மாடி. நாள் முழுக்கக் காய்ந்த மொட்டைத்தளம் ராத்திரியில்தான் சூட்டை இறக்குகிறது. மகளும் அறைத் தோழியும் பணம் போட்டு ஒரு கூலர் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஆனால் புழுக்கம் கூடியதே தவிரத் தூக்கம் வரவில்லையாம். “எப்படி வச்சிருக்க?” என்று கேட்டேன். ரூமுக்கு நடுவில் வைத்து, ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, ஏசி மாதிரி.

கூலர் ஏசி இல்லை. அது மண்பானை. பானைக்கு வெளியே கசிகிற தண்ணீர் ஆவியாகும்போது உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது இல்லையா, அதே வேலைதான். சின்ன மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றி மூன்று பக்கத் தட்டியிலும் வழியவிடுகிறது. நடுவில் இருக்கிற விசிறி வெளிக்காற்றை அந்த ஈரத் தட்டி வழியாக இழுத்து அறைக்குள் தள்ளுகிறது. காற்று எவ்வளவு காய்ந்திருக்கிறதோ அவ்வளவு குளிரும். அதனால்தான் நம்ம கடலோரத்தில் கூலர் வாங்கியவர்கள் எல்லாம் பணத்தைக் கொட்டிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இங்கே காற்றே ஈரம், தண்ணீர் ஆவியாக இடம் இல்லை. காசியின் மே மாதக் காற்று கருவாட்டுக் காற்று. அங்கே கூலர் பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் கூலரின் முதுகு ஜன்னலுக்கு வெளியே பார்க்க வேண்டும், உள்ளே வந்த காற்று வெளியே போக எதிர்ப்பக்கம் ஒரு கதவோ ஜன்னலோ திறந்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் மூடினால் அறைக்குள் ஈரம் ஏறி, கடலூர் ஆகிவிடும்.

தட்டியில் இருந்தது மரச்சீவல். அழுகி நாற்றம் வேறு. அங்கே பழைய காலத்தில் வாசலிலும் ஜன்னலிலும் வெட்டிவேர்த் தட்டி கட்டித் தண்ணீர் தெளிப்பார்களாம். ‘கஸ்’ என்றால் வெட்டிவேர். கடையில் இப்போதும் கிடைக்கிறது. நான் பையைத் திறந்து மூன்று கிலோவையும் மரத்தடியில் கொட்டினேன். விடுதிக்குள் எனக்கு அனுமதி இல்லையே, மரச்சீவலை எடுத்துவிட்டுத் தட்டிகளை மட்டும் அவர்கள் இருவரும் வெளியே தூக்கி வந்தார்கள். வேரை உதறிப் பிரித்து, ரொம்ப அடைக்காமல் ரொம்பக் கலைக்காமல் கம்பிவலைக்குள் பரப்பித் தைத்துக் கொடுத்தேன். அடைத்தால் காற்று வராது, கலைத்தால் தண்ணீர் நிற்காது. வழியில் போன மாணவர்கள் நின்று மோந்து பார்த்துவிட்டுப் போனார்கள். என் நிலத்து வேர்தான், எனக்கே புது வாசனையாக இருந்தது.

மறுநாள் அவள் ஐந்து மணிக்கே பண்ணைக்கு வந்துவிட்டாள். தூங்கின முகம். ஒன்றும் பேசாமல் சோதனைப் பாத்திகளைக் காட்டினாள். மொத்தம் 27 பாத்தி. ரகம் ஹெச்.யூ.எம்-16, அந்தப் பல்கலைக்கழகமே வெளியிட்டது. ஹெச்.யூ. என்றால் இந்து யுனிவர்சிட்டி, எம் என்றால் மூங், பயறு. அறுபது நாளுக்குள் முடிந்துவிடுகிற ரகம், கோதுமைக்கும் நெல்லுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளிக்கு என்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி. கங்கை வண்டல், கையில் எடுத்தால் மாவு மாதிரி உதிர்கிறது. பூ எடுக்கிற சமயம். சில பாத்தியில் செடி தளதளவென்று இருந்தது. சிலதில் உச்சி வெயிலுக்கு இலையை மடித்துக்கொண்டு நின்று, விடிகாலையில் திரும்ப விரித்திருந்தது. “இந்தப் பாத்திக்கு ஒரு தண்ணி கம்மிப்பா. ஆனா காய் குறையாதுன்னு தோணுது. நம்ம ஊர்ல கோடையில தண்ணி இல்லாதவங்களுக்கு இது உபயோகப்படும்” என்றாள். நான் ‘ஊருக்குப் போகலாமா’ என்று கேட்கத்தான் வந்தேன். மூன்று நாளும் அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. கிளம்புகிற அன்று ரயிலடியில் அவள் கேட்டது ஒன்றுதான்: “அடுத்த மாசம் அறுவடைக்கு எடை போட ஆள் வேணும்பா. தம்பிய அனுப்புவீங்களா?”

கேள்வி கேட்ட அந்த ஐயாவுக்கு என் பதில்: அனுப்புங்கள். கூடவே இரண்டு மெல்லிய பருத்தித் துண்டு, முழுக்கை பருத்திச் சட்டை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பத்து கொடுத்துவிடுங்கள். தாகம் எடுத்தால் குடிக்கலாம் என்று இருக்கக்கூடாது, மணி பார்த்துக் குடிக்கச் சொல்லுங்கள். மூத்திரம் மஞ்சளாகப் போனால் தண்ணீர் பற்றவில்லை. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்தால் அந்த நிமிஷமே நிழலுக்குப் போய், துணியை நனைத்து விசிறிக்கொண்டு, உப்புப் போட்ட தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். உடம்பு நெருப்பாகக் கொதித்து, பேச்சுக் குழறி, நினைவு தப்பினால் அது வேறு. வாயில் தண்ணீர் ஊற்றாமல், உடம்பை நனைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். உயிர் போகிற விஷயம். இன்னொன்று, வெயில் என்று போன் வந்தால் நான் சொன்ன பதிலைச் சொல்லாதீர்கள். எத்தனை மணிக்கு வெளியே போகிறாய், எவ்வளவு குடித்தாய் என்று கேளுங்கள். உள்ளூரில் வயல் வேலை செய்கிற யாரையாவது ஒருத்தரைத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

ஜூன் கடைசியில் போன் வந்தது. காய் பறித்து, காயவைத்து, எடை போட்டு முடித்தாகிவிட்டது. மழை இறங்கிவிட்டது. “கூலர் இப்ப வேலை செய்யலப்பா. நீங்க சொன்ன மாதிரி ரூமே கடலூர் ஆயிடுச்சு” என்று சிரித்தாள். தட்டியிலிருந்த வெட்டிவேரைக் காயவைத்துச் சாச்சிக்குக் கொடுத்துவிட்டாளாம், துணிப்பெட்டியில் போட.

சாச்சி இன்னொன்றும் கேட்டிருக்கிறார். அவர் வீட்டுக்குப் பின்னால் வாய்க்கால் கரை அறுத்துக்கொண்டு போகிறது. அங்கே வெட்டிவேர் வைக்கலாம் என்றால், வடநாட்டு வகை பூத்து விதை கொட்டி வயலுக்குள் ஏறிவிடும் என்று அவருக்குப் பயம். நம்ம தென்னாட்டு வகை விதை பிடிக்காது, தூர் பிரித்து நட்டால்தான் உண்டு, வைத்த இடத்திலேயே நிற்கும். இதை மகள் சொல்லியிருக்கிறாள். மூன்று நாள் பயணம் தாங்க வேண்டும். நேற்று ஐம்பது தூர் பிடுங்கி, மேல் தழையை ஒரு சாண் விட்டு அறுத்து, வேரை நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருக்கிறேன். நாளைக்குத் தம்பி ரயில் ஏறுகிறான்.